சத்தம் போடாத பெட்டி

உங்கள் அலுவலகக் கணினி அப்படி இரைவதற்கு அதன் வயது காரணமில்லை, மேடம். உள்ளே படிந்திருக்கும் தூசிதான் காரணம். பக்கத் தகட்டைக் கழற்றி, காய்ந்த தூரிகையால் விசிறியின் இதழ்களைத் துடைத்து, பிராசசரின் தலையில் புதிதாகக் கொஞ்சம் தெர்மல் பேஸ்ட் தடவிவிட்டால், அது இன்னும் சில காலம் மரியாதையாக உழைக்கும். நேற்று நீங்கள் விசாரித்தபோது என் கவனம் அடிக்கடி வேறெங்கோ போனதைத் திமிர் என்று எடுத்துக்கொண்டீர்கள். நான் அந்த விசிறியின் இரைச்சலைக் கேட்டுக்கொண்டிருந்தேன், அவ்வளவுதான்.

எழுதித் தருகிறேன் என்று சொன்னதும் தாளும் பேனாவும் தந்ததற்கு நன்றி. "முன்னுரையெல்லாம் வேண்டாம், ஒரே ஒரு கேள்விக்குப் பதில் எழுதினால் போதும்" என்றீர்கள். என் அக்காவின் கணவர் முகேஷ் இறந்துபோன அறைக்குள் என் அக்கா பாண்டிச்செல்வியும் இருந்தது எனக்கு அப்போது தெரியுமா, தெரியாதா என்பது அந்தக் கேள்வி. அக்கா மதுரை மருத்துவமனையில் இன்னும் கண் விழிக்கவில்லை என்பதையும், என் பதிலைப் பொறுத்தே வழக்கின் தன்மை மாறும் என்பதையும் விளக்கினீர்கள். ஆனால் நவீன இலக்கியத் திறனாய்வில் பயிற்சி பெற்ற ஒருவனால், சூழலிலிருந்து பிடுங்கியெடுத்த ஒற்றைச் சொல்லைப் பதிலாகத் தர இயலாது. நீங்கள் காவல் ஆய்வாளர், நான் இலக்கிய ஆய்வாளன். ஒழுங்காகச் சொல்வதன் அருமை நம் இருவருக்கும் தெரியும். எனவே கணினி வாங்கிய கதையிலிருந்து தொடங்குகிறேன்.

நாயுடுபுரத்தில் நாங்கள் குடியிருந்த வீட்டை நீங்கள் பார்த்தீர்கள். அடுத்தடுத்து இரண்டு அறைகள், நடுவே பலகைத் தடுப்பு, முன்னால் தகரக் கூரை போட்ட நடை, நடையின் முடிவில் சமையலறை. ஓர் அறை அவர்களுக்கு, மற்றது எனக்கு. ஊரில், அதாவது பூம்பாறையில், எங்கள் அம்மா பிச்சையம்மாள் தனியாகப் பூண்டு வயலைப் பார்த்துக்கொள்கிறார். அங்கே இணைய இணைப்பு மேகத்தின் தயவில் வாழ்வது. ஆய்வேட்டை எழுதி முடிக்கும் வரை தங்கள் வீட்டிலேயே இருக்கும்படி அழைத்தவர்கள் அக்காவும் முகேஷ் மாமாவும்தான். அழைப்பில் குறை சொல்ல ஒன்றுமில்லை. அக்கா என் தட்டில் எப்போதும் ஒரு கரண்டி கூடவே வைப்பாள்.

மாமா வத்தலகுண்டுக்காரர். பகலில் சமவெளி ஸ்டுடியோக்கள் அனுப்பும் கல்யாண வீடியோக்களை வெட்டி ஒட்டிக் கொடுப்பார். மாலையில் கணினி விளையாட்டுகளை நேரலையில் ஆடுவார். ஆடிக்கொண்டே பேசுவார். அவர் பேசுவதைக் கேட்பதற்கென்றே கணிசமான கூட்டம் இருந்தது. துப்பாக்கியோடு ஓடும் ஒரு பொம்மை மனிதனைக் காட்டி, "இவன் யாருன்னு நெனைக்கறீங்க? எங்க பெரியப்பா மகன். பொண்ணு பாக்கப் போறான். கையில பூவுக்குப் பதிலாத் துப்பாக்கி வெச்சிருக்கான், வெவரமான பய" என்று தொடங்கினால், ஆட்டம் முடியும் வரை அந்தக் குடும்பக் கதை ஓடும். கலையின் அளவுகோல்களால் அதை மதிப்பிடுவது முறையாகாது. மக்கள் சிரித்தார்கள் என்று மட்டும் பதிவு செய்கிறேன்.

சிக்கல் அவருடைய பழைய கணினி. யாரோ ஆடித் தேய்த்த கிராபிக்ஸ் கார்டு ஒன்றை அதில் பொருத்தியிருந்தார். ஆட்டம் தொடங்கியதும் அது பெருமாள்மலை ஏற்றத்தில் இரண்டாவது கியரில் திணறும் பஸ்ஸைப் போல இரையும். சூடோ சொல்லி முடியாது. அந்த அறைக்குள் கொடைக்கானலின் மார்கழியில்கூட மேல்சட்டை இல்லாமல் உட்காரலாம். சன்னலைச் சாத்தினால் கணினி சூடேறித் தானாகவே அணைந்துவிடும் என்பதால், வருடம் முழுவதும் திரைக்குப் பின்னால் சன்னல் திறந்தே கிடக்கும். இந்த விவரத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அக்கா வைத்திருந்தாள்.

பலகைத் தடுப்புக்கு இந்தப் பக்கம் நான் எழுத முயன்றுகொண்டிருந்தேன். என் ஆய்வுப் பொருள், தற்காலப் புனைகதைகளில் கதைசொல்லி சொல்லாமல் விடும் செய்திகள். மௌனத்தைப் பற்றி எழுதுகிறவனுக்குப் பக்கத்து அறையில் ஒரு பஸ் ஓடிக்கொண்டிருந்தது என்றால், அதில் உள்ள நகைச்சுவை எனக்குப் புரியாமலில்லை. ஆனால் ஏட்டை ஒப்படைப்பதற்கான கெடுவை ஒருமுறை நீட்டித் தந்திருந்தார்கள். மறுமுறை நீட்டிப்பதில்லை என்று சொல்லிவிட்டார்கள்.

முழுமைக்காக ஒரு சிறு நிகழ்ச்சியையும் குறிப்பிட வேண்டும். அது என்னைப் பாதிக்கவில்லை. ஒருநாள் மாமா என் இரண்டாம் இயலின் அச்சுப் படியை என் மேசையிலிருந்து எடுத்துப்போய், நேரலையில் வாசித்தார். கெட்ட எண்ணமில்லை. "எங்க மாப்ள எழுதுனது, கேளுங்கய்யா, சும்மா தமிழு கொட்டுது" என்று பெருமையாகத்தான் தொடங்கினார். முதல் வாக்கியம் முடிவதற்குள் அவருக்கு மூச்சு வாங்கியது. "இருங்க இருங்க, இன்னும் வினைச்சொல்லு வரல" என்றார். கூட்டம் சிரித்திருக்க வேண்டும். அந்த நேரம் தேநீர் கொண்டுவந்த அக்கா, ஒலிவாங்கிக்குக் கேட்கும்படி, "என் தம்பி சின்னதுலருந்தே இப்பிடித்தேன், சோறு கேக்குறதுக்கே முன்னுரை போடுவான்" என்றாள். அவளும் சிரித்தாள். என் அக்கா சிரிக்கும்போது இடையில் ஒரு விக்கல் வரும்.

அடுத்த வாரமே பஜாரில் என் பெயர் முன்னுரை ஆகிவிட்டது. "என்ன முன்னுரை, சாப்ட்டாச்சா?" என்று காய்கறிக் கடையில் கேட்டார்கள். அழகுமலை என்ற பெயரை எனக்குப் பார்த்து வைத்த அப்பா உயிரோடு இல்லை என்பது ஒரு வகையில் ஆறுதல். மற்றபடி அந்தச் சொல்லை நான் பொருட்படுத்தவில்லை. நேற்று நீங்கள் அதைப் பயன்படுத்தியபோதுகூட, தற்செயல் என்றே எடுத்துக்கொண்டேன்.

பிறகு மாமாவே ஒருநாள் என் அறைக்கு வந்தார்.

"மாப்ள, புதுசா ஒரு மிஷினு போடலாம்னு இருக்கேன். வேலைக்கும் ஆகணும், வெளாட்டுக்கும் ஆகணும். எனக்குக் கடைக்குப் போனா எல்லாமே நல்லாத்தேன் தெரியுது. நீ எதையும் நாலு பக்கமும் பொரட்டிப் பாக்குறவன். நீ என்ன சொல்றியோ அதேன்."

இவ்வளவு நம்பிக்கையோடு யாரும் என்னிடம் எதையும் ஒப்படைத்ததில்லை. என் நெறியாளர்கூட இல்லை. அடுத்த சில நாள்கள் ஆய்வேட்டை மூடிவைத்துவிட்டு, கணினிப் பாகங்களைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்தேன். மகிழ்ச்சியான நாள்கள் அவை. கணினிப் பாகங்களைத் தேர்வது ஒரு நல்ல வாக்கியத்தை அமைப்பதற்கு நெருக்கமான கலை. முதல் பாகத்தை மட்டுமே நாம் சுதந்திரமாகத் தேர்கிறோம். இந்தப் பிராசசர் என்று முடிவு செய்தால் அதற்குப் பொருந்தும் மதர்போர்டு எது என்பது பாதி முடிவாகிவிடுகிறது. மதர்போர்டு எந்த ரேம் என்று சொல்லிவிடும். கிராபிக்ஸ் கார்டு எவ்வளவு மின்சாரம் குடிக்கும் என்பதைப் பொறுத்து, அதைப் பங்கிட்டுக் கொடுக்கும் எஸ்எம்பிஎஸ். எல்லாம் சேர்ந்து எவ்வளவு சூடாகும் என்பதைப் பொறுத்துக் கேபினட். ஒவ்வொரு பாகமும் அடுத்த பாகத்தைக் கைகாட்டி அழைத்துவரும். நாம் அதன் பின்னால் நடந்தால் போதும்.

நான் முதலில் தேர்ந்தது அமைதியை.

பஜாரில் ரஷாத்தின் கடை உங்களுக்குத் தெரியும். அவருடைய அத்தா ஒலியுல்லா ராவுத்தர் கல்லாவில் இருப்பார், ரஷாத் உள்ளே பாகங்களைப் பூட்டிக் கொடுப்பார். என் தேவையைச் சொன்னதும் அவர் ஸ்க்ரூ டிரைவரைக் கீழே வைத்துவிட்டார்.

"முன்னுரைண்ணே, எல்லாரும் லைட்டு எரியணும், ஃபேன் தெரியணும், கண்ணாடி போட்ட கேபினட் வேணும்பாங்க. நீங்க சத்தமே வராத மிஷினு கேக்குறீங்க. சத்தம் வராமக் கெடக்கணும்னா ஆஃப் பண்ணிப் போட்டுருங்க. அதுக்கு எதுக்குங்க ஏங்கிட்ட வர்றீங்க?"

"ஏலே, வாற யாவாரத்த வெரட்டாதடா" என்றார் ஒலியுல்லா, செய்தித்தாளிலிருந்து கண்ணை எடுக்காமல்.

நான் பொறுமையாக விளக்கினேன். மின்சாரத்தைச் சிக்கனமாகக் குடிக்கும் நடுத்தரப் பிராசசர். வீடியோ வேலைக்குத் தாராளமாக ரேம். சுழலும் தட்டு உள்ள பழைய ஹார்டு டிஸ்க் முனகும் என்பதால் எஸ்எஸ்டி மட்டும். மூன்று பெரிய விசிறிகள் கொண்ட, சூடு குறைந்த கிராபிக்ஸ் கார்டு. பெரிய விசிறி மெதுவாகச் சுற்றினாலே போதும், மெதுவாகச் சுற்றுவது பேசாது. சுமை குறைவாக இருக்கும்போது விசிறியே சுற்றாத எஸ்எம்பிஎஸ். உட்புறம் பஞ்சு ஒட்டிய, நான்கு பக்கமும் மூடிய கேபினட். இந்தக் கடைசிப் பாகத்துக்கு ரஷாத் மறுப்புத் தெரிவித்தார். மூடிய பெட்டிக்குள் சூடு தங்கும், முன்பக்கம் வலை வைத்த பெட்டியே நல்லது என்றார். மதுரைக்கு அது சரி. கொடைக்கானலில் காற்றே குளிரூட்டப்பட்டு வருகிறது. மூடிய பெட்டியை நியாயப்படுத்தக்கூடிய ஊர் தமிழ்நாட்டில் இருக்குமானால் அது இதுதான் என்று வாதிட்டேன். ரஷாத் சிறிது யோசித்துவிட்டு, "நெசந்தேன்" என்றார். என் வாதம் ஒன்றை ஒருவர் முழுமையாக ஏற்றுக்கொண்டதைக் கண்டு நான் நெகிழ்ந்தேன்.

இந்த இடத்தில் உங்கள் மேலதிகாரிகள் ஒரு சதியைத் தேடக்கூடும். இங்கே அது இல்லை. அன்று நான் வாங்கியது நல்ல கணினி ஒன்றை மட்டுமே.

ரஷாத் வீட்டுக்கே வந்து பூட்டிக் கொடுத்தார். மாமா பொத்தானை அழுத்திவிட்டு, பெட்டியின் மேல் காதை வைத்துக் கேட்டார். "ஏத்தா செல்வி, இங்க வா. இது ஓடுதா இல்ல செத்துப் போச்சா, சொல்லு" என்றார். அக்கா கையை வைத்துப் பார்த்து, "நாடி இருக்கு" என்றாள். எல்லோரும் சிரித்தோம். நானும் சிரித்தேன்.

புதிய கணினி இரையவில்லை. வெப்பமும் தரவில்லை. என் கணக்கு ஒவ்வொன்றும் சரியாக இருந்தது, ஒன்றைத் தவிர. பழைய கணினியின் இரைச்சல் அதுவரை ஒரு வேலையைச் செய்துகொண்டிருந்தது என்பதை நான் கவனிக்கத் தவறியிருந்தேன். அது மாமாவின் குரலை மூடியிருந்தது. இப்போது பலகைக்கு அப்பாலிருந்து ஒவ்வொரு சொல்லும் அச்சடித்ததுபோல் வந்து சேர்ந்தது. பெரியப்பா மகன் பெண் பார்க்கப் போவதும், மாடு மேய்க்கப் போவதும், நடுநடுவே அக்கா எதையாவது எடுத்துக் கொடுப்பதும், விக்கலோடு அவள் சிரிப்பதும் கேட்டன. அந்தக் கதைக்குள் புதிதாக ஒரு பாத்திரமும் வந்து சேர்ந்திருந்தது. எதிரி சுட வரும்போதும் நின்று, நீண்ட விளக்கம் கொடுத்துவிட்டுச் சாகும் ஓர் ஆள். அவன் செத்து விழும்போதெல்லாம், "முன்னுரை முடிஞ்சது" என்பார் மாமா.

அந்தப் பாத்திரம் யாரைக் குறிக்கிறது என்று ஆராய நான் முற்படவில்லை. எனக்கு வேண்டியிருந்தது அமைதி மட்டுமே.

பூண்டு எடுப்புக்காக அக்கா பூம்பாறைக்குப் போனாள். அறுவடை முடிய நாளாகும் என்றாள். அவளுக்குக் கால் விரலிடுக்கில் சேற்றுப்புண் ஆறாமல் இருந்தது. வயலில் இறங்காதே என்று நான் சொன்னேன். "அம்மா ஒத்தையில கெடந்து என்னடா செய்யும்? நீ மாமாவப் பாத்துக்க, நேரத்துக்குச் சாப்புடச் சொல்லு" என்று சொல்லிவிட்டு, நீல நிற ரப்பர் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினாள்.

அவள் போன பிறகு, மேகம் சன்னல் வழியாக அறைக்குள் இறங்குவதை மாமாவுக்குச் சுட்டிக்காட்டினேன். ஈரம் மதர்போர்டுக்கு ஆகாது. பழைய கணினிக்காகத்தான் சன்னல் திறந்திருந்தது, இனி அதற்குத் தேவையில்லை. நானே பஜாரிலிருந்து ஒட்டும் நுரைப்பட்டை வாங்கிவந்து, சட்டத்தைச் சுற்றி இடைவெளியில்லாமல் ஒட்டிச் சாத்தினேன். திரையை இழுத்துவிட்டேன். வெளியே பாதையில் கத்தும் சுற்றுலா ஜீப்புகளின் ஒலிப்பான் சத்தம்கூட மங்கிப்போனது. மாமா மகிழ்ந்துபோய், "ஸ்டுடியோ மாதிரி ஆக்கிட்ட மாப்ள" என்றார்.

ஆனால் அறை குளிர்ந்துவிட்டது. அதுவரை அந்த அறைக்கு அடுப்பாக இருந்தது பழைய கணினி. மாமா கம்பளியைச் சுற்றிக்கொண்டு, விரல் விறைத்து, ஆட்டங்களில் தோற்றார். "பழைய சனியனே தேவல, கதகதன்னு வெச்சிருந்துச்சு" என்றார்.

நான் முன்பே சொன்னேன், ஒவ்வொரு பாகமும் அடுத்த பாகத்தை அழைத்துவரும். சத்தமில்லாத கணினிக்குப் பொருந்தியது மூடிய சன்னல். மூடிய சன்னல் உள்ள குளிர்ந்த அறைக்குப் பொருந்துவது கணப்பு, அதாவது கரி மூட்டிய சட்டி.

பூண்டு விளையும் ஊரில் பிறந்தவர்களுக்கு இதில் சொல்லித் தெரிய வேண்டியது எதுவுமில்லை. எங்கள் ஊரில் அறுத்த பூண்டைக் கொத்துக் கொத்தாகப் பரணில் கட்டித் தொங்கவிட்டு, கீழே கங்கு போட்டுப் புகை பிடிக்க வைப்போம். புகை ஏறிய பூண்டு மாதக்கணக்கில் கெடாது. அந்தக் கொட்டகையில் யாரும் படுக்கக் கூடாது என்பது அம்மாவின் சட்டம். "கங்கு உள்ள கெடந்தா கதவு ஒரு கை அகலம் தொறந்து கெடக்கணும். பூண்டுக்கு மூச்சு வேணாம், நமக்கு வேணும்ல" என்பார். "கண்ணுக்குத் தெரியிற புகைக்குப் பயப்படாதீங்க, தெரியாததுக்குப் பயப்படுங்க" என்றும் சொல்வார். நான் சிறுவனாக இருந்தபோது, எங்கள் நாய்க்குட்டி ஒன்று கொட்டகைக்குள் போய்க் கங்கின் ஓரமாகச் சுருண்டு படுத்தது. வெள்ளனே போய்ப் பார்த்தபோது அப்படியே படுத்திருந்தது. காயமில்லை. முகத்தில் எந்தச் சிரமமும் தெரியவில்லை. அந்த முகம் எனக்கு எப்போதும் ஆறுதலாகவே நினைவில் இருந்துவந்திருக்கிறது.

மாமா சமவெளிக்காரர். அவருக்கு இது தெரிய வழியில்லை.

கரி வாங்கப் போன அன்று ரஷாத் என்னைப் பார்த்துவிட்டார். கையில் கரி மூட்டை இருந்தது. சன்னலை அடைத்த கதையை மாமா ஏற்கெனவே தொலைபேசியில் அவரிடம் பெருமையாகச் சொல்லியிருந்தார்.

"அண்ணே, சன்னலையும் அடைச்சுக் கணப்பும் வெச்சா வெனையாப் போயிரும். இந்த ஊருல அப்பப்பக் கேக்குறதுதேன, டூரிஸ்ட்டுப் பயலுக கரிய உள்ள வெச்சுப் படுத்துட்டு எந்திரிக்காமப் போறது. முகேஷண்ணேகிட்ட வெரசாச் சொல்லிருங்க. அவருக்கு வெளாட்டுப் புத்தி."

சொல்கிறேன் என்றேன். சொல்லவில்லை. இதை ரஷாத் உங்களிடம் சொல்லியிருப்பார் என்பதால் மறைப்பதில் பயனில்லை. அவர் சொல்லியிராவிட்டாலும் எழுதியிருப்பேன் என்றே நம்புகிறேன்.

முதல் சில மாலைகளில் மாமா கணப்பை வைத்துக்கொண்டு கதவைத் திறந்தே வைத்திருந்தார். நெருப்பைக் கண்டால் கதவைத் திறக்கத் தோன்றுவது மனித இயல்பு போலும். அதனால் ஒன்றும் நேரவில்லை. அவர் குரலும் தடையின்றி நடை முழுவதும் உலவியது. கடைசி நாள் மாலை, வழக்கம்போல நான்தான் முற்றத்தில் கரியை மூட்டி, புகை அடங்கும் வரை விசிறி, சட்டியை அவர் மேசைக்கடியில் கொண்டுபோய் வைத்தேன்.

"வா மாப்ள, நீயும் ஒக்காந்து குளுரு காயி. எந்நேரமும் பொத்தகத்துக்குள்ளயே கெடக்க. இன்னைக்கு நேரலை இல்ல, ஒனக்கு வெளாடச் சொல்லித் தாறேன்" என்றார்.

எழுத வேண்டியிருக்கிறது என்று சொல்லிவிட்டு, வாசலில் நின்று, "கதவச் சாத்திக்கோங்க மாமா, சூடு வீணாப் போகுது" என்றேன்.

அவர் சாத்திக்கொண்டார். நான் சொன்னதில் பொய் எதுவுமில்லை. சூடு வீணாகத்தான் போய்க்கொண்டிருந்தது.

ஆக, முகேஷ் மாமாவின் சாவு தற்செயல் அல்ல. பாகம் பாகமாகத் தேர்ந்து, ஒன்றோடொன்று பொருந்துகிறதா என்று பார்த்து, நான் அமைத்தது அது. இதை எந்தத் தயக்கமும் இல்லாமல் ஒப்புக்கொள்கிறேன். அவர் மேல் எனக்குத் தனிப்பட்ட வெறுப்பு எதுவும் கிடையாது. எந்தப் பட்டப்பெயரும் இதற்குக் காரணமல்ல. காரணம் இரைச்சல். அமைதியான ஓர் அறை ஓர் ஆய்வாளனுக்கு ஆடம்பரமல்ல, அடிப்படைத் தேவை என்பதைக் கல்விப் புலத்தைச் சேர்ந்த எவரும் ஏற்பார்கள்.

மறுநாள் காலை யூபிஎஸ் கொண்டுவந்த ரஷாத் கதவைத் தட்டினார், கூப்பிட்டார், பிறகு தோளால் இடித்துத் திறந்தார். நான் என் வாசலில் நின்றுகொண்டிருந்தேன். உள்ளே ஓடியவர் சன்னலைத் திறக்க முடியாமல் நுரைப்பட்டையை நகத்தால் பிய்த்தார். "யா அல்லா, அக்காவும் உள்ள கெடக்காங்க" என்று கத்தினார். பிறகு திரும்பி, "சொன்னீங்களாண்ணே? சொன்னீங்களாண்ணே?" என்று என்னைத் திரும்பத் திரும்பக் கேட்டார். அந்தக் குரல்தான் எனக்கு இன்னும் கேட்கிறது. அவருக்கு ஒரு பதில் தர வேண்டியவனாகவே இருக்கிறேன். கணினி இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. அறையில் யாருக்கும் அது கேட்கவில்லை.

இனி உங்கள் கேள்வி.

அறுவடை எதிர்பார்த்ததைவிட வெரசாக முடிந்ததால், அக்கா அன்று பிற்பகலே பூம்பாறை பஸ்ஸில் கிளம்பிவிட்டாள் என்றும், பொழுது சாயும் நேரத்தில் பூண்டுக் கட்டோடு அவள் மேட்டில் ஏறியதைப் பக்கத்து வீட்டு முருகம்மாள் பார்த்தார் என்றும் சொன்னீர்கள். இருக்கலாம். கங்கின் அருமை தெரிந்தவள் ஏன் கதவைச் சாத்திக்கொண்டாள் என்று நீங்கள் வியந்தீர்கள். அதற்கு என்னால் விளக்கம் தர முடியும். திரைக்குப் பின்னால் சன்னல் எப்போதும் திறந்தே கிடக்கும் என்பது அவளுக்குப் பழக்கம். கணினிக்காகச் சன்னல் திறந்திருக்கும் வீடு அது. நான் பட்டை ஒட்டியது அவள் ஊரில் இருந்தபோது. சாரல் அடித்த மாலையில், கணவர் ஆட்டத்தில் இருக்கும்போது, கதவைச் சாத்துவதில் தவறிருப்பதாக அவள் நினைத்திருக்க மாட்டாள். களைப்பில் படுத்திருப்பாள்.

ஆனால் இவையெல்லாம் பிறகு நானாக ஊகித்தவை. அன்று மாலை என் அறைக் கதவு சாத்தியிருந்தது. காதில் பஞ்சு வைத்திருந்தேன். பல நாள்களுக்குப் பிறகு, மூன்றாம் இயலின் கடைசிப் பகுதி தடையில்லாமல் வந்துகொண்டிருந்தது. எழுதுகிறவன் அப்படிப்பட்ட நேரத்தில் உலகத்தைக் கவனிப்பதில்லை. எனவே என் பதில்: தெரியாது. அக்கா உள்ளே இருந்தது எனக்குத் தெரியாது. அவள் ஊரிலிருந்து வந்ததே எனக்குத் தெரியாது. இதைச் சத்தியத்தின் பேரில் எழுதுகிறேன்.

அவள் மேல் எனக்குப் பாசமில்லை என்று முருகம்மாள் உங்களிடம் சொன்னதாகக் கேள்விப்பட்டேன். அது மட்டும் மனதைத் தைத்தது. எனவே, வழக்கோடு தொடர்பில்லை என்றாலும், கடைசியாக ஒரு சிறு வேண்டுகோள். அக்கா கண் விழித்ததும் முதலில் மாமாவைக் கேட்பாள், அதற்கு நான் பொறுப்பேற்க முடியாது. அடுத்து அந்த நீலச் செருப்பைத் தேடுவாள். நடையில் அவர்கள் அறை வாசலில் தேடினால் கிடைக்காது. அன்று சாரல் பட்டு அங்கே நனைந்துகொண்டிருந்ததைப் பார்த்து, எழுத உட்காருவதற்கு முன் நானே எடுத்துத் துடைத்து, என் மேசைக்கடியில் வைத்தேன். யாரையாவது அனுப்பி மறக்காமல் எடுத்துக் கொடுங்கள், மேடம். ஈரச் செருப்பைப் போட்டால் அவளுக்குச் சேற்றுப்புண் அதிகமாகிவிடும்.